பெரிய மோட்டார் போட்டால் போதுமா?

நம் ஊரில் ஒரு மோட்டார் கருகினால் அடுத்த நாளே வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. "முக்கால் எச்.பி. தாங்கல, ரெண்டு எச்.பி. போட்டுடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்பவருக்கு என்ன, செலவா ஒன்றா?

ஐ.டி.ஐ.யில் 28 வருடம் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நான் பிரித்துப் பார்த்த கருகிய மோட்டார்களில் பெரும்பாலானவை வலு போதாமல் செத்தவை அல்ல. சூடு வெளியே போக வழியில்லாமலும், தப்பான வேகத்தில் வேலை வாங்கப்பட்டும் செத்தவை.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும்தான். தறி வீடுகளுக்கு நடுவே கடைசல் பட்டறையும் இருந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தார்க்கட்டை, தொட்டில் கால், கட்டில் கால், பிள்ளைகளுக்குப் பம்பரம் எல்லாம் அங்கேதான். அப்போது ஒருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். இழுக்கிற ஆள் களைத்தால் நிறுத்திவிடுவார். மோட்டாருக்கு அப்படி நிறுத்தத் தெரியாது. கருகுகிற வரைக்கும் இழுக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். கட்டில் கால் கடைந்துகொண்டிருந்த வரை 1 எச்.பி. மோட்டார் ஒழுங்காக ஓடியது. புது வீடு ஒன்றுக்கு 8 அங்குல வேப்பமரத் தூண் கடைசல் பிடிக்க ஆர்டர் எடுத்தார். ஒரே மாதத்தில் இரண்டு முறை காயில் கருகிவிட்டது. "2 எச்.பி. வாங்கலாம்னு இருக்கேன் சார், கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன் கேட்டிருக்கேன்" என்றார். போய்ப் பார்த்தேன். மோட்டாரிலும் சுழல் தண்டிலும் ஒரே அளவுப் புல்லி. மோட்டார் 1440 சுற்று ஓடினால் தூணும் 1440 சுற்று!

கடைசலில் ஒரு பழைய கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 3 அங்குலக் காலுக்கு 2000 சுற்று பொருந்தும். 8 அங்குலத் தூணுக்கு 750 போதும். மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, தண்டில் 6 அங்குலப் புல்லி போட்டால் வேகம் பாதியாகி 720க்கு வரும், முறுக்குவிசை இரண்டு மடங்காகும். அதே மோட்டார்தான். புல்லிக்கும் பெல்ட்டுக்கும் ஆன செலவு ஒரு முறை காயில் கட்டும் கூலியைவிடக் குறைவு. நகைக்கடன் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஏன் கருகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூடு, ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். ஓடவேண்டிய 6 ஆம்பியர் 8½ ஆனால், காயிலில் சூடு இரண்டு மடங்கு. மோட்டார் மேல் கை வைத்தால் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம், 60 டிகிரி சகஜம். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் பி வகை என்றால் 130 டிகிரி வரை தாங்கும். ஆனால் தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்க்காரர்கள் கணக்கு.

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் பார்த்தேன். மரத்தூள் படாமல் இருக்க மோட்டார் மேல் சாக்கு போர்த்தியிருந்தார். தறி வீடுகளிலும் இதே கதைதான். தார் சுற்றும் மோட்டாரானாலும் ஜக்கார்டு தூக்கும் மோட்டாரானாலும், பட்டில் எண்ணெய் தெறிக்கக் கூடாதென்று பழைய வேட்டியைச் சுற்றிவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தினால் நமக்கு எப்படி இருக்கும்? மறைப்பு வேண்டுமென்றால் ஒரு சாண் தள்ளித் தகரம் வையுங்கள். பின்பக்க விசிறி மூடியில் அடைந்த தூளை வாரம் ஒரு முறை துடையுங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு.

மோட்டார் கிளம்பியதும் உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கிளப்பிவிடும் காயிலைச் சுவிட்ச் கழற்றிவிடும் சத்தம் அது. தூள் அடைத்து அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் சில நிமிடத்தில் காயில் போய்விடும். அந்த "டிக்" கேட்கவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வயர். மீட்டர் பெட்டியிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் பட்டறை, இழுத்திருப்பது 1 சதுர மில்லிமீட்டர் வயர். கிளம்பும் நொடியில் மோட்டார் 30 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 30 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 230க்குப் பதில் 190தான் கிடைத்தால், கிளம்பும் வலு மூன்றில் ஒரு பங்கு குறையும். முனகிக்கொண்டே நிற்கும். இதில் 2 எச்.பி. மாட்டினால் இன்னும் அதிகமாக இழுக்கும், வோல்ட் இன்னும் இறங்கும். முதலில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டுகிறவர்களை என்ன சொல்வது! சுற்றிலும் மரத்தூள் குவிந்திருக்கும் இடம் அது.

சூடே ஆகாது என்றும் சொல்லவில்லை. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அங்கே சூடு மரத்தில் இருக்கிறது, இருக்க வேண்டிய இடம் அது. உங்கள் பட்டறையில் உளி பட்ட இடத்தில் மரம் புகைந்தால் அது வேறு. உளி மழுங்கிவிட்டது, சாணை பிடியுங்கள். மழுங்கிய உளியும் மோட்டாருக்குச் சுமைதான்.

இப்போது வி.எஃப்.டி. வைத்து வேகத்தைக் குறைப்பது புது நாகரிகம். நல்ல சாதனம்தான், மூன்று பேஸ் மோட்டாருக்கு. ஆனால் விசிறி மோட்டார் தண்டிலேயே இருப்பதால், 1440 ஓடுவதை 400க்கு இறக்கினால் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். வெகுநேரம் மெதுவாகக் கடைய வேண்டுமென்றால் பெல்ட்டை மாற்றிப் போடுவதே மேல்.

12 அங்குலத்துக்கு மேல் தட்டு, கிண்ணம் கடைகிறவர் 1½ எச்.பி. வாங்கலாம், தப்பில்லை. பெயர்த்தகட்டில் எஸ்1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், தொடர்ந்து ஓடக்கூடியது என்று பொருள். பழைய டிரெட்மில் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற பிள்ளைகள் அதில் எழுதியிருக்கும் 3 எச்.பி.யை அப்படியே நம்ப வேண்டாம். தொடர்ந்து ஓடுவதற்கு என்று போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி 746ஆல் வகுத்துப் பாருங்கள். அதிலும் சூடாகப் போவதைக் கழித்தது போகத்தான் மரத்துக்கு.