சதக் கணக்கும் ராசிக் கணக்கும்

டெண்டுல்கர் பெரியவரா, கோலி பெரியவரா என்கிற சண்டை நமது நாட்டில் சைவ வைணவச் சண்டை போல் நடந்து வருகின்றது. டீக்கடையிலும், ரயில் வண்டியிலும், கல்யாணப் பந்தலிலும்கூட இதே பேச்சு. சர்வதேச ஆட்டங்களில் டெண்டுல்கர் அடித்து வைத்திருக்கும் 100 சதங்களைக் கோலி எட்டுவாரா, மாட்டாரா என்று கேட்டு, எட்டமாட்டார் என்றவன் சட்டையைப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பந்தாட்டத்தின் பேரில் நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. தேர்த் திருவிழாவில் போய் நசுங்குவதைவிட மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது எவ்வளவோ மேல் என்பதே நமது அபிப்பிராயம். அங்கே நடப்பது கண்ணெதிரில் நடக்கிறது. அவுட் என்றால் ஏன் அவுட் என்று கேட்கலாம். கணக்கு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். இவ்வளவு தூரம் பகுத்தறிவுக்கு இடமுள்ள ஒரு காரியத்திலுங்கூடக் கடவுளையும், சாமியாரையும், ராசியையும் கொண்டுவந்து புகுத்திவிட்டார்களே என்பதுதான் நமது வருத்தம்.

முதலில் கணக்கையே பார்ப்போம். டெண்டுல்கர் 1989 முதல் 2013 வரை 24 வருஷ காலம் ஆடினார். 200 டெஸ்ட் ஆட்டங்களில் 51 சதம். ஒருநாள் ஆட்டங்களில் 49 சதம். கோலி 123 டெஸ்டில் 30 சதம் அடித்து, 2025 மே மாதத்தில் டெஸ்டிலிருந்து விலகிக் கொண்டார். ஆனால் ஒருநாள் ஆட்டத்திலோ, டெண்டுல்கர் 452 தடவை மட்டை பிடித்துச் சேர்த்த 49 சதத்தைக் கோலி 279-வது தடவையிலேயே தாண்டிவிட்டார். 2023 நவம்பர் 15-ந் தேதி பம்பாயில், டெண்டுல்கர் பார்த்துக் கொண்டிருக்கையிலேயே அது நடந்தது.

இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் முடியாது. டெண்டுல்கருக்கு முதல் ஒருநாள் சதம் அவருடைய 79-வது ஆட்டத்தில்தான் வந்தது. காரணம் என்ன? கிரக பலனா? அதுவரை பெரும்பாலும் நடுவில் இறங்கி வந்தவரை 1994 மார்ச்சில் ஆக்லாண்டில் முதலாவதாக இறக்கினார்கள். ஆடுவதற்கு நிறையப் பந்து கிடைத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் கொழும்பில் முதல் சதமும் வந்தது. கோலி காலத்திலோ, 2011 அக்டோபர் முதல் ஒருநாள் ஆட்டத்தில் முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்து கொடுத்தார்கள். பந்து பழசாகித் திடீரென்று வளைந்து வருகிற தொல்லை மட்டைக்காரருக்குக் குறைந்து போயிற்று. அதற்காகக் கோலியின் சதங்களை லேசாக நினைக்க வேண்டியதும் இல்லை. ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய சதங்களில் ஏறக்குறைய பாதி, எதிரி அடித்து வைத்த ஓட்டத்தைத் துரத்தும்போது அடித்தவை. டெண்டுல்கருக்கு அவ்விதமானவை சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

நம்மைக் கேட்டால், டெஸ்டில் டெண்டுல்கருக்குப் பக்கத்தில் கோலி வரவில்லை என்போம். ஒருநாள் ஆட்டத்தில் கோலியே மேல் என்போம். 80 சதத்தைத் தாண்டிவிட்டாலும், ஒருநாள் ஆட்டம் ஒன்றே மிச்சமிருக்கிறவருக்கு 100 என்பது கஷ்டம் என்போம். மறுக்கிறவர் தாராளமாய் மறுக்கலாம். நாளைக்கே அவர் எட்டினாலும் எட்டட்டும். அதனால் யாருக்கும் தலை போய்விடாது.

நிற்க. "கிரிக்கட் எங்கள் மதம், சச்சின் எங்கள் கடவுள்" என்று துணியில் எழுதித் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பீகாரில் ஒரு கிராமத்தில் 2013-ல் அவருக்குச் சிலையே வைத்து, அதற்குக் கோயில் என்றும் பேரிட்டார்கள். இந்தக் கடவுள் தமது 99-வது சதத்தை 2011 மார்ச் 12-ந் தேதி நாகபுரியில் அடித்தார். 100-வது சதமோ 2012 மார்ச் 16-ந் தேதிதான் வந்தது. இடையில் லண்டனில் 91-லும், சொந்த ஊரான பம்பாயில் 94-லும் அவுட்டானார். கடைசியாக டாக்காவில் வங்காள தேசத்தோடு 114 ஓட்டம் அடித்துக் கணக்கை முடித்தார்; அந்த ஆட்டத்திலோ இந்தியா தோற்றது! சர்வ வல்லமையுள்ள கடவுளுக்கு ஆறு ஓட்டம் எடுக்க முடியாமற் போனது எப்படி என்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும். 38 வயதான மனிதர் என்று வைத்துக்கொண்டால், இதில் ஆச்சரியமுமில்லை, வெட்கமுமில்லை. புட்டபர்த்தி சாயிபாபா 2011 ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் காலமானபோது டெண்டுல்கர் அங்கு போய்க் கண்ணீர் விட்டார். கடவுளுக்கும் ஒரு கடவுள் வேண்டியிருக்கிறது. அந்தக் கடவுளுக்கும் வைத்தியர் வேண்டியிருக்கிறது!

உண்மையில் டெண்டுல்கரைப் பெரியவராக்கியது எது? 2004 ஜனவரியில் சிட்னியில் அவர் 241 ஓட்டம் அடித்து அவுட்டாகாமல் நின்றார். அதற்கு முந்தின ஆட்டங்களில், வலப்பக்கம் விலகிப் போகிற பந்தை முன்னே பாய்ந்து அடிக்கப் போய் அவுட்டானார். ஆகவே அந்த அடியையே அன்று விலக்கி வைத்துவிட்டு நாள் கணக்கில் ஆடினார். தன் குற்றத்தைத் தானே கண்டு அதற்கு வழி தேடுகிறவனைத்தான் நாம் அறிவாளி என்கிறோம். இன்னொரு சங்கதி, அவரே வெளியில் சொன்னது. சென்னையில் ஓர் ஓட்டல் சிப்பந்தி, "ஐயா, நீங்கள் முழங்கைக் கவசம் கட்டும்போதெல்லாம் மட்டை வீச்சு மாறுகிறது" என்கிற கருத்தில் அவரிடம் சொன்னாராம். உலகத்தில் வேறு ஒருவரும் கவனிக்காததை அந்தச் சிப்பந்தி கவனித்திருந்தார். டெண்டுல்கர் சோதித்துப் பார்த்தார். உண்மையென்று கண்டு கவசத்தை மாற்றிச் செய்துகொண்டார். கடவுளாயிருந்தால் சிப்பந்தி வாயைத் திறந்திருக்க முடியுமா? நந்தனைத் தீயில் குளிக்கச் சொன்ன கடவுள்களல்லவா நம் கடவுள்கள்!

இனிக் கோலி கதைக்கு வருவோம். 2019 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு சதம் அடித்த பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம் அவருக்குச் சதமே இல்லை. 2022 நவம்பரில் அவர் நீம் கரோலி பாபா ஆசிரமத்துக்குப் போனார். 2023 ஜனவரியில் பிருந்தாவனத்துச் சாமியாரிடம் போனார். அதே மாதம் கௌஹாத்தியிலும் திருவனந்தபுரத்திலும் சதம் அடித்தார். உடனே பக்தர்கள், "பார்த்தாயா சாமியார் மகிமையை" என்று கிளம்பிவிட்டார்கள். தேதியைப் பார்க்கிற பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. அந்த மூன்று வருஷத் தடை உடைந்தது 2022 செப்டம்பர் 8-ந் தேதி துபாயில். அதாவது எந்த ஆசிரமத்துக்கும் போவதற்கு இரண்டு மாதம் முன்னால். ஒரு மாதம் மட்டையைத் தொடாமலே ஓய்வு எடுத்துக்கொண்டு வந்ததாக அவரே சொன்னார். களைத்த மனதுக்கு ஓய்வு கொடுத்தது வேலை செய்தது; சாமியார் கூலி வாங்கிக் கொண்டார்.

இதுவாவது வெறும் மடமை என்று விட்டுவிடலாம். ஆனால் நல்லது வந்தால் சாமியார் கணக்கு என்கிறவர்கள், கெட்டது வந்தபோது யார் கணக்கில் எழுதினார்கள்? ஒரு பெண்ணின் கணக்கில் எழுதினார்கள். 2014-ல் இங்கிலாந்தில் கோலி பத்து தடவை மட்டை பிடித்து மொத்தம் 134 ஓட்டமே எடுத்தார். அப்போது அவரோடு பழகி வந்த நடிகை அனுஷ்கா சர்மா கூட வந்ததுதான் காரணம் என்றார்கள். 2015 மார்ச் 26-ந் தேதி சிட்னியில், உலகக் கோப்பை அரையிறுதியில், கோலி ஓர் ஓட்டத்தில் அவுட்டானார். அதற்கு முன்னமே ஆஸ்திரேலியா 328 ஓட்டம் அடித்து வைத்திருந்தது. அத்தனை ஓட்டத்தை விட்டுக் கொடுத்த ஆண்பிள்ளைகள் ஒருவர் பேரிலும் ராசி கெட்டது என்ற பேச்சில்லை. கூட்டத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த பெண்தான் ராசியில்லாதவள் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். 2016-ல் கோலி நன்றாக ஆடியபோதும் அப்பெண்ணைக் கேலி செய்ததைப் பொறுக்காமல், "வெட்கப்படுங்கள்" என்று அவரே பகிரங்கமாய் எழுத வேண்டியதாயிற்று. அதற்காக அவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அவர் அடித்த எந்தச் சதத்தைவிடவும் இது நமக்குப் பெரிது.

ராசியின் யோக்கியதை என்ன என்று பாருங்கள். 2014-ல் ஆண்டர்சன் என்கிற பந்து வீச்சாளர் கோலியை நான்கு தடவை வீழ்த்தினார். வெளியே வளைந்து போகிற பந்துக்குக் கோலியின் இடுப்பும் காலும் ஒத்து வரவில்லை. ஊருக்கு வந்து அதைத் திருத்திக் கொண்டார். திருத்தும்போது யோசனை கேட்டது வேறு யாரையுமல்ல, டெண்டுல்கரைத்தான். (இவர்கள் இருவரையும் வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிற பக்தர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.) 2018-ல் அதே இங்கிலாந்தில், அதே ஆண்டர்சன் எதிரில், 593 ஓட்டம், இரண்டு சதம்; ஒரு தடவைகூட ஆண்டர்சனால் அவரை அவுட்டாக்க முடியவில்லை. இதற்குள் அந்த "ராசியில்லாத" அம்மையாரையே அவர் மணந்துகொண்டிருந்தார். பர்மிங்காமில் சதம் அடித்ததும் கழுத்தில் தொங்கிய கல்யாண மோதிரத்தை எடுத்து முத்தமிட்டார். ராசி எங்கே போயிற்று?

தோழர்களே! இது பம்பாய், சிட்னி சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். புருஷன் செத்தால் மனைவியின் ஜாதக தோஷம், மாடு செத்தால் மருமகள் காலடி வைத்த வேளை, காரியம் கெட்டால் எதிரே வந்த கைம்பெண் என்று உங்கள் தெருவில் சொல்லுகிறவனும், அனுஷ்காவை ஏசினவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். முன்னவன் கையில் பஞ்சாங்கம். பின்னவன் கையில் கைபேசி.

இன்னொன்றும் கேட்கிறோம். சதம் எண்ண வேண்டுமானால் முதலில் கையில் மட்டை கொடுக்க வேண்டுமல்லவா? பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். 1890-களில் பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மணிக்கணக்காக அவர்களுக்குப் பந்து வீசினார். ஒரு நாளாவது அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பூனா இந்துக்கள் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தேநீரை மட்டும் வெளியில் நிறுத்தி மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் வீசின பந்து தீட்டில்லை, அவர் தொட்ட கோப்பை தீட்டு! 1911-ல் இங்கிலாந்து போன இந்தியக் குழுவில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவரும் இவரே. அப்படியும் இந்துக்கள் குழுவுக்குத் தலைவராக இவரை வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெற்றோருக்கு ஜோத்பூரில் பிறந்த மிதாலி ராஜ் 1999-ல் தமது முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே அவுட்டாகாமல் 114 ஓட்டம் அடித்தார்; டெண்டுல்கரின் நூறாவது சதமும் அதே 114 தான். 2002-ல், 19 வயதில், இங்கிலாந்தில் டாண்டன் மைதானத்தில் டெஸ்டில் 214 அடித்தார். அந்நாளில் உலகத்தில் எந்தப் பெண்ணும் டெஸ்டில் அவ்வளவு அடித்ததில்லை. 2022-ல் ஓய்வு பெறும் வரை 23 வருஷம் இந்தியாவுக்கு ஆடினார். டெண்டுல்கரின் காலத்துக்கு ஒரு வருஷம்தான் குறைவு. அவ்வளவு காலத்தில் அவருக்குக் கிடைத்த டெஸ்ட் ஆட்டங்கள் எத்தனை? 12. இதில் 2014 நவம்பருக்குப் பிறகு 2021 ஜூன் வரை இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட வைக்கவில்லை. டெண்டுல்கருக்கு 200, கோலிக்கு 123, மிதாலி ராஜுக்கு 12. இதற்கு எந்த ராசி காரணம் என்று, அனுஷ்காவின் ராசியைக் கண்டுபிடித்த ஜோசியர்கள் நமக்கு எழுதித் தெரிவிக்கட்டும். இதே பக்கத்தில் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.