ஒன்பதரை மணிக்குப் பூட்டுகிற கேட்

பதிவு நீளம். கொஞ்சம் காரமும் இருக்கும். படிக்காமல் கைகூப்புகிற பொம்மையை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அப்படியே போய்விடலாம், வருத்தப்பட மாட்டேன்.

நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சொந்தக்காரர் குழுவில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் போட்டீர்கள்! 2025இல் செஃப் தாமுவுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் அப்படித்தான், "தமிழன்டா" என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். சனி ஞாயிறு வந்தால் "குக் வித் கோமாளி" ஓடாத வீடு நம்மில் இல்லை. இத்தனை பெருமையும் திரையோடு சரி. நம் வீட்டுப் பெண் ஒருத்தி சமையற்கலை படிக்கச் சென்னைக்குப் போனால் மட்டும், "வேற ஒண்ணும் கிடைக்கலையாக்கும்?"

கேட்டவரின் பெயரைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

வேறு எதுவும் கிடைக்காமல் போய்ச் சேருகிற படிப்பு அல்ல இது. தரமணியில் இருக்கும் மத்திய அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர வேண்டுமானால் அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தனியார் கல்லூரிகளிலும் படிப்பு ஏறக்குறைய இதேதான். சமையல் மட்டுமா? உணவு பரிமாறுதல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என நாலு துறையும் கற்க வேண்டும். சமைத்த சாப்பாட்டை எந்தச் சூட்டில் வைத்தால் கிருமி பெருகும், ஒரு தட்டுக்கு அடக்க விலை எவ்வளவு விழும், நூறு பேர் பந்திக்கு எத்தனை கிலோ கறி வாங்கினால் வீணாகாது என்பதெல்லாம் பாடம். காய்கறி வெட்டுவதில்கூட அளவுக்கு ஒரு பெயர் உண்டு. ஜூலியன் என்றால் தீக்குச்சி போல, புருனுவாஸ் என்றால் சின்னச் சின்னக் கட்டியாக. ஒரே அளவில் வெட்டினால்தான் ஒரே நேரத்தில் வேகும். நான் முப்பத்து மூன்று வருடம் அறிவியல் வாத்தியார். இதைவிட நல்ல செய்முறை வகுப்பை நான் நடத்தியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கையின் பேத்தி இப்போது இரண்டாம் ஆண்டு. ஒரு செமஸ்டர் முழுக்க ஹோட்டலில் பயிற்சி. அதில் சமையல்கட்டு முறை வந்திருக்கிறது. காலை பத்து மணிக்குப் போனால் மூன்று மணி வரை. மறுபடி மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை. இதற்கு பிரேக் ஷிப்ட் என்று பெயர். இடையில் கிடைக்கிற மூன்று மணி நேரத்தில் வேளச்சேரிப் பக்கம் இருக்கிற ஹாஸ்டலுக்குப் போய்த் திரும்பினால் பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். அதனால் போவதில்லை. ஊழியர்கள் உடைமாற்றுகிற அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு போன் வருவது அந்த நேரத்தில்தான். "தாத்தா, காலு வலிக்கி, வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

பதினொன்றுக்கு வேலை முடிந்து, அடுப்பு மேடையைத் துடைத்து, உடை மாற்றி வெளியே வரும்போது கடைசி மெட்ரோ கிளம்பிப் போயிருக்கும். ஆட்டோதான். பயிற்சிக்கு அவர்கள் கொடுக்கிற உதவித்தொகை அந்த ஆட்டோவுக்கே காணாது. பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் இறங்கினால் கேட் பூட்டியிருக்கும். அங்கே பூட்டுகிற நேரம் ஒன்பதரை. முதல் வாரம் வாட்ச்மேன் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். இரண்டாவது வாரம் வார்டன் அம்மா கூப்பிட்டு, "இது குடும்பப் பிள்ளைங்க இருக்கிற இடம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக்க" என்று சொல்லிவிட்டார்.

"குடும்பப் பிள்ளைங்க." அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

இந்தச் செய்தி குழுவுக்கு வந்ததும் நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? சென்னையில் மட்டும் நம் சொந்தம் பதினோரு வீடு இருக்கிறது. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். வேறு இடம் பார்த்துத் தரவா என்று ஒரு வீடாவது கேட்டிருக்கலாம். வந்தது என்ன? "அப்பவே சொன்னோம்." "பொம்பளப் பிள்ளைக்கு டீச்சர் டிரெய்னிங்தான் லாயக்கு." "படிப்ப நிறுத்திட்டுக் கூட்டிட்டு வந்துருங்க." இதே குடும்பத்தில் ஒரு பையன் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது எழும்பூர் ஸ்டேஷனுக்குக் காரோடு இரண்டு மாமா போனார்கள். மெத்தை வாங்கிக் கொடுத்தார்கள். மெஸ் சாப்பாடு சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிக்குழம்பு போனது. தப்பே இல்லை, அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவளுக்கு அதில் கால்வாசி நடந்ததா?

அவளுடைய அன்றாடத்தைக் கேளுங்கள். மறுநாள் காலை வெள்ளைக் கோட்டு கறையில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சமையல்கட்டுக்குள் விடமாட்டார்கள். ஹாஸ்டலில் துணி துவைக்க வாரத்தில் இரண்டு நாள்தான் அனுமதி. தலைமுடியில் எண்ணெய்ப் புகை வாசனை அடிக்கிறது என்று அறைத்தோழி முகம் சுளிக்கிறாள். எட்டு மணிக்குப் போடுகிற இரவுச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறையில் ஒரு மின் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சக்கூட விதி இடம் கொடுக்காது. ஊருக்கெல்லாம் சமைக்கப் படிக்கிற பிள்ளை ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்கிறாள். ஹோட்டலில் பாதிப் பேர் இந்தியில் பேசுகிறார்களாம். அதை மூன்று வாரத்தில் ஒருவழியாகச் சமாளித்துவிட்டாள், அதில் எனக்குக் கவலையில்லை.

"பாதுகாப்புக்காகத்தானே பூட்டுகிறார்கள் சார்?" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். யோசித்துப் பார் தம்பி. பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளை நள்ளிரவில் தெருவில் நிற்கிறது. உள்ளே பூட்டு தொங்குகிறது. அந்தப் பூட்டு யாரைக் காப்பாற்றுகிறது? பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐ.டி. பெண்களைக் கம்பெனி வண்டி ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இறக்கிவிடுகிறது. அங்கெல்லாம் கேட் திறக்கிறதே, எப்படி? கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் அவள் வேலைக்குப் போய்விட்டு வருகிற பெண். கையில் மஞ்சள் கறையும் தீக்காயமும் இருந்தால் மட்டும் ஊர் சுற்றிவிட்டு வருகிறவளா?

பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. உரிமம் வாங்காமல் நடத்தக் கூடாது. பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர், "ஏசி உண்டா, வைஃபை உண்டா" என்று கேட்கிறார்கள். "உரிமம் உண்டா, இரவு வேலை முடிந்து வந்தால் யார் கதவு திறப்பது, இதை எழுதித் தருவீர்களா" என்று கேட்டவர் யார்? முன்பணம் கட்டும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்டரிங் படிக்கப் போகிற பிள்ளைக்கு இரவு வேலை வரும் என்பது சேருகிற அன்றே தெரிந்த விஷயம்.

ஹோட்டல்காரர்களையும் விடுவதாக இல்லை. 2019இல் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டபோதே நிபந்தனை போட்டது. பெண் ஊழியர் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்ய எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், போக்குவரத்து வசதி செய்ய வேண்டும். 2021இல் கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டத்திருத்தமே வந்தது. பயிற்சிப் பிள்ளை என்று வந்தால், "அவங்க ஸ்டாஃப் இல்ல, டிரெய்னி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வெங்காயம் உரிக்க, பாத்திரம் நகர்த்த, பத்து மணி நேரம் நிற்க ஸ்டாஃப். வண்டி என்று கேட்டால் டிரெய்னி. கல்லூரியும் பயிற்சிச் சான்றிதழ் வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறது. பிள்ளைகளை அனுப்புகிற கடிதத்திலேயே "இரவு பத்து மணிக்கு மேல் வேலை என்றால் வீடு வரை வண்டி" என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

உறவுகளுக்கு ஒன்று சொல்கிறேன். அவள் படிப்பை நிறுத்த மாட்டாள். அவள் அம்மாவும் நானும் பேசி முடித்துவிட்டோம். வேறு இடம் பார்த்தாகிவிட்டது, ஒரே வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். முன்பணத்துக்கு என் பென்ஷனில் இருந்து கொடுத்திருக்கிறேன். இனி குழுவில் அவளைப் பற்றி அறிவுரை எழுதுகிறவர்கள், எழுதும் முன்பு ஒருமுறை ராத்திரி பதினொன்றரைக்கு ஹோட்டல் வாசலில் போய் நின்று அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

மாணவர்களே, உங்களில் மூன்று பேர் ஹோட்டல் துறையில் நல்ல பொறுப்பில் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர் வேளச்சேரி, பெருங்குடிப் பக்கம் ஹாஸ்டல் நடத்துகிறீர்கள். உங்கள் ஹோட்டலில் இன்று ராத்திரி எத்தனை டிரெய்னிகள் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் எப்படி வீடு போகிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். ஹாஸ்டல் வைத்திருப்பவர்கள் உங்கள் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று கீழே போடுங்கள். பதில் வராதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போன் செய்வேன்.