கீழ்ப்பாக்கமும் பத்து மில்லிகிராமும்

ரொம்ப நாளா எழுதணும், வேண்டாம், எழுதணும், வேண்டாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். நேத்து ஆபீஸ்ல நடந்த ஒரு சின்ன சம்பவத்துக்கு அப்புறம் இனியும் தள்ளிப் போடுறது நியாயமில்லைன்னு தோணுச்சு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்க, இது கொஞ்சம் சீரியஸ் பதிவு.

கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன், மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் ஓரமா கூட்டிட்டுப் போய், "அண்ணே, நீங்க டென்ஷனுக்கு ஏதோ மாத்திரை போடுறீங்களாமே, நாளைக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு, ரெண்டு கிடைக்குமா?" என்றான். ஏதோ ஹால்ஸ் மிட்டாய் கேட்கிற மாதிரி. குடுக்கலை. ஏன் குடுக்கலைன்னு அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். 2019 ஜூன். குரோம்பேட்டையில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குற வழக்கமான மின்சார ரயில். சைதாப்பேட்டை தாண்டினதும் நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சது. கை மரத்துப் போச்சு, மூச்சு பாதியிலேயே நின்னுடுச்சு. 'அவ்ளோதான், ஆட்டம் க்ளோஸ்'னு நினைச்சு மாம்பலத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து வீட்டம்மாவுக்குப் போன் போட்டு, இன்சூரன்ஸ் பேப்பர் எந்தப் பீரோவில் இருக்குன்னு சொல்லிட்டேன். இருபது நிமிஷத்தில் எல்லாம் சரியாப் போச்சு. அதுதான் பெரிய கேவலமா இருந்துச்சு.

அடுத்த மூணு மாசத்தில் நாலு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட். எல்லாம் நார்மல். "கேஸ் சார்" என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் தைராய்டையும் பார்த்துட்டு, அதுவும் நார்மல்னு தெரிஞ்சதும், மனநல மருத்துவரைப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்தார்.

நம்ம ஊரில் அந்தச் சீட்டைக் கையில் வாங்குறது சாதாரண விஷயமா என்ன? 1794ல் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பின இடம். அதோட ஊர்ப் பேரையே திட்டுற வார்த்தையா ஆக்கி வெச்சிருக்கோம். நானே எத்தனை பேரை "இது கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு ஓட்டியிருக்கேன் தெரியுமா? அந்த க்ளினிக் வெயிட்டிங் ஹாலில் தினத்தந்தியை முகத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சு உட்கார்ந்திருந்தப்ப அதெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு.

மாத்திரை பேர் எசிட்டலோபிராம். முதலில் அஞ்சு மில்லிகிராம், அப்புறம் பத்து. அஞ்சே நிமிஷத்தில் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டாங்க: இது முழுசா வேலை செய்ய நாலு, ஆறு வாரம் கூட ஆகலாம், முதல் சில நாள் பதட்டம் கூடவும் செய்யலாம். குமட்டல், தூக்கமின்மை, உள்ளுக்குள்ளே ஒரு நடுக்கம். அஞ்சாம் நாள் தூக்கிப் போட்டுடலாம்னு நினைச்சேன். அந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லியிருந்தா எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்.

அஞ்சாவது வாரம் ஒருநாள் ரயில் நுங்கம்பாக்கம் வந்து நின்னப்பதான், சைதாப்பேட்டை எப்போ போச்சுன்னே கவனிக்கலைன்னு உறைச்சது. அவ்வளவுதான். மாத்திரை சந்தோஷமெல்லாம் தரலைங்க. ரயிலில் நின்னுக்கிட்டுப் போக ஒரு கைப்பிடி தந்துச்சு. பயத்தைப் பார்த்து ஓடாம இருக்கிறது எப்படின்னு கத்துக்கிட்டது அப்புறம் கவுன்சிலிங்கில்.

அடுத்து நான் பண்ணின முட்டாள்தனம். 2020 கடைசியில் ஊருக்குப் போயிருந்தப்ப அம்மா பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துட்டாங்க. "ஏல, பைத்தியக்காரனுக்குக் குடுக்குற மாத்திரையால இது? உனக்கு என்னல குறை?" திருநெல்வேலிக்கே கேட்கிற மாதிரி அழுகை. அன்னிக்கே நிறுத்திட்டேன். டாக்டரைக் கேட்கலை. மூணாம் நாள் தலைக்குள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி, திரும்பிப் பார்த்தாலே கிறுகிறுப்பு. இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாத்தான் குறைக்கணும்னு அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். திரும்ப ஆரம்பிச்சேன்.

சரி, எல்லாம் நல்லதுதானா? இல்லை. 2022ல் அப்பா போய்ச் சேர்ந்தார். கொள்ளி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. சொந்தக்காரங்க "தைரியமா இருக்கான்"னாங்க. எனக்குத்தான் தெரியும் அது தைரியம் இல்லைன்னு. டாக்டர்கிட்ட சொன்னப்ப, சிலருக்கு உணர்ச்சி இப்படி மழுங்கின மாதிரி ஆகும், டோஸைக் குறைச்சுப் பார்க்கலாம்னார். இப்போ அஞ்சில் இருக்கேன். மூணு மாசம் கழிச்சு அப்பாவோட பழைய கண்ணாடிக்கூடு கையில் கிடைச்சப்ப, தேம்பித் தேம்பி அழுதேன். மாத்திரையைத் திட்டவும் மனசு வரலை, கும்பிடவும் வரலை.

அதனால "பிரஷர் மாத்திரை மாதிரிதானே"ன்னு சுலபமா முடிக்க எனக்கு விருப்பமில்லை. பிரஷரை மிஷின் வெச்சு அளக்கலாம். இதை அளக்கிற மிஷின் இல்லை. அதனாலதான் ஆளாளுக்கு வைத்தியம் சொல்றாங்க. யோகா நல்லதுதான், நடைப்பயிற்சி நல்லதுதான், நானும் பண்றேன். ஆனா மாத்திரை போடுறவன்கிட்ட போய் "மனசை ரிலாக்ஸா வெச்சுக்கோ, அதை விட்டுடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அது அவனும் டாக்டரும் பேசிக்க வேண்டியது.

இப்போ தம்பி மேட்டர். என் மாத்திரை ரெண்டு போட்டா அவனுக்கு நாளைக்குள்ளே ஒண்ணும் ஆகாது, ஆனா குமட்டலும் நடுக்கமும் வரலாம். உடனே கேட்கிறது அல்பிரசோலம் மாதிரி வேற ரகம். அது பழகிட்டா விடுறது கஷ்டம். அதனாலதான் 2014லிருந்து மருந்துக்கடைக்காரர் அதைத் தனிப் பதிவேட்டில் டாக்டர் பேர், நோயாளி பேரோட எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும்னு சட்டம். தெரிஞ்ச கடையில் சீட்டில்லாம வாங்குறது சாமர்த்தியம் இல்லை.

எல்லாம் கேட்டுட்டு, "அப்போ நான் என்னண்ணே பண்றது, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, ஆறு மாசமா இப்படித்தான்" என்றான். ஆறு மாசம்! இன்டர்வியூ பயம்னு ஆரம்பிச்சவன். டாக்டர் நம்பரும், 14416ங்கிற அரசாங்க டெலிமானஸ் இலவச நம்பரும் எழுதிக் குடுத்தேன். சனிக்கிழமை க்ளினிக்குக்குக் கூட வர்றேன்னும் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை தினத்தந்தி எடுத்துட்டுப் போறதா இல்லை :-)

உங்களில் யாருக்காவது இதே அனுபவம் இருந்தா சொல்லுங்க. பேர் போடாம சொன்னாலும் சரிதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கணக்குப்பிள்ளை. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.