சாட்சி சொல்ல மட்டும் பொம்பளையா?

சண்டை போட்டவன்தான் சமாதானம் பேசணும் என்று ஒரு நியாயம் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. துப்பாக்கி எவன் கையில் இருக்கிறதோ அவன்தானே அதைக் கீழே வைக்க முடியும்? கேட்க நல்லாத்தான் இருக்கிறது. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் நாறுகிறது. ஊரைக் கொளுத்தியவனுக்கு நாற்காலி உண்டு. கொளுத்தின ஊரில் கஞ்சி காய்ச்சி, பிணத்தை அடையாளம் காட்டி, மிச்சமிருக்கிற பிள்ளைகளைக் காப்பாற்றியவளுக்கு வாசற்படியில்கூட இடமில்லை.

1992 முதல் 2011 வரை நடந்த 31 பெரிய சமாதான முயற்சிகளை ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு கணக்கெடுத்தது. பேச உட்கார்ந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். தலைமை நடுவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர். பெண்களைச் சேர்க்கணும் என்று பாதுகாப்புச் சபை 1325ஆம் தீர்மானம் போட்டது 2000இல். தீர்மானம் தாளில் இருக்கிறது. நாற்காலி எங்கே?

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம். செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி 2003 மார்ச் வரை ஆறு சுற்றுப் பேச்சு. அரசுத் தரப்பில் பீரிஸ், மொரகொட, ஹக்கீம். புலிகள் தரப்பில் பாலசிங்கம், தமிழ்ச்செல்வன், கருணா. அடேல் பாலசிங்கம் செயலாளராகக் கூட இருந்தார். தீர்மானிக்கிற வரிசையில் ஒரு பெண் இல்லை. ஒரு பக்கம், ஆயிரக்கணக்கான பெண்களைப் போர்முனைக்கு அனுப்பிய இயக்கம். இன்னொரு பக்கம், 1960இலேயே பெண்ணைப் பிரதமராக்கிய நாடு. அப்போது ஜனாதிபதியாக இருந்ததும் ஒரு பெண்தான். சாக மட்டும் சமத்துவம், பேச இல்லை!

பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டதால் 2002 டிசம்பரில் ஒரு உபகுழு கிடைத்தது. தரப்புக்கு ஐந்து பெண்கள். அரசுத் தரப்புக்குக் குமாரி ஜயவர்தன, புலிகள் தரப்புக்குத் தமிழினி தலைமை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, பிழைப்பு, அரசியலில் இடம் என்று பேசவேண்டியதைச் சரியாகவே எடுத்தார்கள். ஆனால் முடிவெடுக்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரிய மேசைக்கு அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவுதான். ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்தினார்கள். பெரிய மேசை கவிழ்ந்ததும் சின்ன மேசையும் போச்சு. திண்ணையில் உட்காரவைத்தவளுக்கு வீட்டில் என்ன உரிமை?

இதில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. பெண் என்றால் எந்தப் பெண்?

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கின் நிலத்தை ராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று வளைத்து வைத்திருந்தது. பேச்சுவார்த்தையில் அது ராணுவ பலத்தின் கணக்கு. எத்தனை கிலோமீட்டர் விடுவது, பதிலுக்கு எத்தனை ஆயுதம் வைப்பது என்று பேசினார்கள். அங்கிருந்து 1990இல் துரத்தப்பட்ட சனங்களில், சொந்தபந்தமும் காசும் இருந்தவர்கள் முகாமை விட்டு வெளியேறினார்கள். வருசக்கணக்காக மல்லாகம் போன்ற முகாம்களில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதி சனங்கள். ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மீள்குடியேற்றம் என்றால் சொந்த நிலத்துக்குத் திரும்புவது. நிலமே இல்லாதவள் எங்கே திரும்புவாள்? ‘இனம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தக் கேள்வி அமுங்கிப் போச்சு. அவளை உட்காரவைத்திருந்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருந்திருக்கும்.

2009இல் போர் முடிந்தது. 2010இல் அரசு நல்லிணக்க ஆணைக்குழு போட்டது. எட்டுப் பேர், அதில் ஒரே ஒரு பெண். எதிரே புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை எங்கே, என் புருசன் எங்கே என்று கேட்டு அழுதவர்களில் பெண்களே அதிகம். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அதே தாய்மார்கள் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே செத்துப்போனவர்கள் பலர். அழுவதற்குக் கூப்பிடுவார்கள், எழுதிக்கொள்வார்கள், அனுப்பிவிடுவார்கள். அவள் கண்ணீர் அவர்களுக்கு ஆவணம். அவள் மூளை வேண்டாம்.

‘பொம்பளைகளுக்கு அரசியல் தெரியாது’ என்பவர்களுக்கு இரண்டு பதில். வட அயர்லாந்தில் 1996இல் பெண்கள் தனிக் கட்சியே தொடங்கி, ஓட்டு வாங்கி, பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தார்கள். ஆண் தலைவர்கள் மாடு மாதிரிக் கத்திக் கேலி செய்தார்கள். 1998 ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமையும், இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளியும் இடம்பெறப் பாடுபட்டது அந்தக் கட்சிதான். லைபீரியாவில் 2003இல் கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தித் தெருவுக்கு வந்தார்கள். அக்ராவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, மண்டபத்து வாசலை மறித்து உட்கார்ந்து, முடிக்காமல் வெளியே விடமாட்டோம் என்றார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெண் இயல்பிலேயே சாந்தமானவள் என்று நான் சொல்லவில்லை. அது அவளை அடுப்படியில் பூட்டுகிற பழைய பேச்சு. பெண்ணும் துப்பாக்கி தூக்குவாள், பெண்ணும் சாதி பார்ப்பாள். போரின் கணக்கு யார் தலையில் விழுந்ததோ அவளுக்குத்தான் அந்தக் கணக்கு முழுசாகத் தெரியும் என்கிறேன். தண்ணீர் எங்கே, விறகு பொறுக்கப் போகிற வழியில் எந்த முகாம், ராத்திரி கதவைத் தட்டுகிறவன் யார் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்த ஒப்பந்தம் எதற்கு?

நம் ஊருக்கும் வருவோம், தோழர்களே. சாதிக் கலவரம் முடிந்ததும் தாசில்தார் ஆபீசில் அமைதிக் கூட்டம். அந்தப் பக்கம் பத்து வேட்டி, நம் பக்கம் பத்து வேட்டி. சேரியில் அடிபட்டவள் வெளியே மரத்தடியில் நிற்கிறாள். உள்ளே கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிப் பேரம் நடக்கிறது. அது அவள் கேஸ்! நம் தலைவர்களும் அவளைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

உபகுழு வேண்டாம், சாட்சிக் கூண்டும் வேண்டாம். பேசுகிற இடத்தில் பாதி இடம் வேண்டும். அதில் உட்காருகிறவளை அடிபட்ட சனங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் கையெழுத்து இல்லாத சமாதானத்தைச் சமாதானம் என்று நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது. நம் கூட்டத்திலிருந்தே இதைத் தொடங்குவோம்.