தொடாதே என்கிற சத்தம்

பிரெயில் புள்ளிகளாலேயே செய்த ஓவியங்கள், உங்களுக்காகத்தான் வாங்க என்று ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். கையை நீட்டினேன். ‘யோவ், தொடாதய்யா!’ என்று கத்தினார் காவலாளி. எனக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றடியிலும் டீக்கடையிலும் எங்கப்பா கேட்ட அதே சத்தம்.

சண்டை போட்டு ஒரு ஓரத்தைத் தடவினேன். ஒவ்வொரு புள்ளியும் சட்டைப் பொத்தான் அளவு. பிரெயிலில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். ஆறு புள்ளியும் விரல் நுனிக்குள் அடங்கினால்தான் எழுத்து. எங்க எழுத்தை எடுத்து, எங்களால் படிக்க முடியாதபடி ஊதிப் பெருக்கி, எங்க பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். பறையை மேடையேற்றிவிட்டு அடிக்கிறவனை வாசலில் நிறுத்துகிற ஊர்தானே இது.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? லூயி பிரெயில் 1809-இல் பிரான்சில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்துகிற ஊசி கண்ணில் பாய்ந்தது. 1824-இல், பதினைந்து வயதில், காகிதத்தில் ஊசியால் குத்தும் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிவிட்டார். அந்த நாட்டில் தோல் தைக்கிறவன் தீண்டத்தகாதவன் இல்லை. அதை மறைத்து நம் கதையோடு ஒட்டுப்போட மாட்டேன். ஆனால் செருப்பு தைத்தவரின் மகனான எனக்கு, எழுதக் குத்தும்போதெல்லாம் அப்பா கைதான் ஞாபகம். அவருக்குக் கண் நல்லாத் தெரியும். இருந்தும் தோலைக் கட்டைவிரலால் தடவித்தான் சொல்வார்: ‘இது வயித்துத் தோலுடா, இழுத்தா நீளும்.’

மாட்ரிட்டில் பிராதோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களைப் புடைப்பாகச் செய்து தொடக் கொடுத்தது. அதில் கொரெஜ்ஜோ வரைந்த ஒன்றின் பெயரே ‘என்னைத் தொடாதே’. தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் ‘அனுபவ்’ என்று சிலைகளின் நகல்களைத் தொட்டுப் பார்க்கும் கூடம் திறந்தார்கள். மனசு வைத்தால் நடக்கிறது.

இதைக் காட்டி, பார்வையின்மை பற்றிய எண்ணமே மாறிவிட்டது என்கிறார்கள். கண் தெரியாதவர்களுக்குச் சாதி தெரியாது என்று கவிதை வேறு. நான் படித்த விடுதியில் முதல் நாள் பக்கத்துப் படுக்கைப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டான்: ‘உங்க வீடு ஊருக்குள்ளயா, வெளியவா?’ சொன்னேன். கையை எடுத்துக்கொண்டான். அவனுக்கும் பார்வை கிடையாது.

நம்ம தோழர்களும் சளைத்தவர்கள் இல்லை. ‘சாதிக் குருடர்களே’ என்று மேடையில் முழங்குகிறார்கள். சாதி பார்க்கிறவனுக்குக் கண் நல்லாவே தெரியும், தோழர். எங்க பேரை அவனுக்கு ஏன் வைக்கிறீங்க?

அடுத்த தலித் கலைவிழாவில் படம் வைக்கிறவர்கள் நாலு படமாவது தொடக் கொடுங்கள். தேய்ந்தால் திரும்பச் செய்யலாம். பிரெயிலைச் சரிபார்க்க எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், கூலியும் கொடுங்கள்.