சாபமா, எழுத்துப் பிழையா?



போன மாத வாலிபர் ஐக்கியத்தின் கேள்விப் பெட்டிக்குள் பெயர் எழுதாத ஒரு சீட்டுக் கிடந்தது. "அப்பப்பா, பெரியப்பா, மாமி மூன்று பேருக்கும் புற்றுநோய். எங்கள் குடும்பத்துக்கு ஏதும் சாபமா?" நேர்ஸ் என்றபடியால் பதில் எழுதச் சொல்லி, போதகர் ஐயா அந்தச் சீட்டை என்னிடம் தந்தார்.

இதே பயத்தோடு ஒரு பெண் 1895இல் வாழ்ந்தார். வின்சரில் ஆற்றைத் தாண்டினால் வருகிற மிச்சிகன் மாநிலம். அங்கே ஆன் ஆர்பர் நகரில் தையல் வேலை செய்தவர். தன் குடும்பத்தில் பலர் குடலிலும் வயிற்றிலும் கர்ப்பப்பையிலும் புற்றுநோய் வந்து இறந்தார்கள் என்றும், தானும் இளவயதிலேயே அப்படித்தான் போவேன் என்றும் ஆல்ட்ரெட் வார்தின் என்ற மருத்துவரிடம் சொல்லிக் கவலைப்பட்டார். அவர் பயந்தபடியே நடந்தது. கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்தின் அந்தப் பேச்சைத் தட்டிவிடவில்லை. உறவினர் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்து, "ஜி குடும்பம்" என்ற பெயரில் 1913இல் வெளியிட்டார். ஆனால் காரணம் என்ன என்பது அவருக்கும் தெரியாது. காரணம் கலத்துக்குள் இருந்தது.

நம் உடலில் ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். அதிலுள்ள எழுத்துச் சோடிகள் 600 கோடிக்கு மேல். எழுத்துகள் நான்குதான்: ஏ, டி, ஜி, சி. ஏ எப்போதும் டியோடும், ஜி எப்போதும் சியோடும் சேரும். ஆகவே இரண்டு இழைகளையும் பிரித்துவிட்டால், ஒவ்வொரு பழைய இழையையும் பார்த்து அதன் சோடியைப் புதிதாக எழுதிவிடலாம். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்குவதால், இவ்வளவு பெரிய வேலை ஏறக்குறைய எட்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது.

பழைய ஏற்பாட்டைக் கையால் எழுதிக் காத்த மசோரேத்தரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். எழுதியதோடு விடாமல், எழுத்துகளையும் சொற்களையும் எண்ணிச் சரிபார்த்தவர்கள். கலத்துக்குள்ளும் அப்படித்தான். பிரதி எடுக்கிற நொதியம் ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை விடும். இரண்டு இழைகளுக்கும் சேர்த்து, அப்படியே விட்டால் ஒவ்வொரு தடவையும் 1,20,000க்கு மேற்பட்ட பிழைகள். ஆனால் தவறான எழுத்தைப் போட்டவுடன் அந்த நொதியமே ஒரு அடி பின்னால் வந்து, அதை வெட்டிவிட்டுச் சரியானதைப் போடுகிறது. நூறு பிழையில் 99 இப்படிப் போய்விடும்.

மிஞ்சிய பிழைகளுக்காகவே பின்னால் இன்னொரு குழு வருகிறது. சோடி பொருந்தாமல் புடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, புதிய இழையின் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, திரும்ப எழுத வைக்கிறது. பழைய இழை எது, புதிய இழை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? புதிய இழையில் இன்னும் ஒட்டப்படாத வெட்டுகள் இருக்கும், அதுவே அடையாளம். இந்த வேலை முடிந்தபின் மிஞ்சுகிற பிழைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதை விளக்கிய பால் மொட்ரிச், டி.என்.ஏ. பழுதுபார்ப்பின் வேறு வழிகளைக் கண்டறிந்த தோமஸ் லிண்டால், அசிஸ் சஞ்சார் ஆகியோரோடு 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போது ஜி குடும்பத்துக்கு வருவோம். சரிபார்க்கிற அந்தக் குழுவில் ஒருவரை உருவாக்கும் மரபணு எம்.எஸ்.எச்.2. ஜி குடும்பத்தில் அந்த மரபணுவில் டி இருக்கவேண்டிய ஓர் இடத்தில் ஜி இருந்தது. ஒரேயொரு எழுத்து. இது தெரியவந்தது 2000ஆம் ஆண்டில். அந்தத் தையற்காரப் பெண் கவலைப்பட்டு 105 வருடங்களின் பின்.

இந்த நிலைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாய் இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏதாவது ஒரு கலத்தில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால், அங்கே பிழைகள் திருத்தப்படாமல் சேரத் தொடங்கும். அதனால் பழுதுள்ள எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி.

சீட்டு எழுதியவரே, உங்கள் குடும்பத்தில் இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருபவை அல்ல. ஆனால் மூவரும் அப்பாவின் பக்கம் என்றபடியால், கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். லிஞ்ச் இருப்பது தெரிந்தால், ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கொரு தடவை கொலொனொஸ்கோப்பி செய்து, புற்றுநோயாக மாறுமுன்பே குடலின் சிறு கட்டிகளை எடுத்துவிடலாம். அந்தத் தையற்காரப் பெண்ணுக்கு இந்த வழி இருக்கவில்லை.

நம்மிடம் உள்ள தடை வேறு: வாய் திறவாமை. என் அம்மம்மா எதில் இறந்தார் என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டி வந்தபோது பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "வயித்து வருத்தம், விடு பிள்ளை" என்றார். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் அது குடற் புற்றுநோய், வயது 46 என்று சொன்னார். சொன்னால் பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று அத்தனை வருடமும் மறைத்திருந்தார்கள். அந்த இரண்டு விவரத்தையும் வைத்துத்தான் என் குடும்ப வைத்தியர் என்னை மரபணு ஆலோசனைக்கு அனுப்பினார்.

காப்புறுதி கிடைக்காது என்று சிலர் பயப்படுகிறார்கள். மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்டு வற்புறுத்தவோ, அதை வைத்துப் பாகுபாடு காட்டவோ முடியாதபடி கனடாவில் 2017இல் சட்டம் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆகவே இந்த நத்தாருக்கு உறவினர் கூடும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: யாருக்கு வந்தது, எந்த உறுப்பில், எத்தனை வயதில். 50 வயதுக்கு முன் வந்ததென்றால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அப்பா அம்மாவோடு குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வழக்கமாகப் பெரியவர்களைத்தான் முதலில் பரிசோதிப்பார்கள். உங்கள் முறை 18 வயதுக்குப் பிறகு வரலாம்.

யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. அதோடு நிற்காமல் அவனுக்குப் பார்வை கொடுத்தார். உங்கள் அப்பப்பாவைப் பற்றியும் அவருடைய பதில் வேறாக இருக்காது.

சீட்டு எழுதிய தம்பியோ தங்கையோ, ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள். பெயர் வெளியே போகாது. வைத்தியரிடம் கொண்டுபோகிற தாளைச் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
உங்கள் நேர்ஸ் அக்கா