உறை மோரும் ஒரு சொல்லும்

மொழிபெயர்ப்பாளன் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை புத்தகத்துக்குள்ளேயே கிடந்து மட்கிவிடும். என்னுடைய ஒரு தவறு நேராக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது.

பழச்சுவை சேர்த்த தயிர்ப் பானம் ஒன்றுக்கான விளம்பரத் துண்டுப் பிரசுரம் அது. செரிமான நலனைப் பேண 'உதவக்கூடும்' என்பதுதான் ஆங்கிலத்தில் இருந்த செய்தி. தமிழில் அது சப்பென்று இருப்பதாகத் தோன்றவே, 'செரிமானக் கோளாறுகள் தீரும்' என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பணம் வந்தது. மறந்துபோனேன்.

சில மாதங்கள் கழித்து, தில்லி மயூர் விஹாரில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல். ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை. காய்ச்சல் போயிற்று, வயிறு கெட்டது. ஒரு நாள் மாலை வீடு திரும்பியபோது ஃப்ரிட்ஜில் அந்தப் பானத்தின் குட்டி பாட்டில்கள் வரிசையாக நின்றன. தமிழ்க் கடையில் வாங்கிய வார இதழுக்குள் செருகியிருந்த பிரசுரத்தை அம்மா எடுத்துக் காட்டினார். "கோளாறு தீரும்னு தெளிவா போட்டிருக்கானே." போட்டவன் எதிரில் நிற்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய்.

அன்றிரவு உட்கார்ந்து, முன்பே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். 'புரோபயாட்டிக்' என்பதற்கு ஐ.நா.வின் உணவு, சுகாதார அமைப்புகள் கூட்டிய நிபுணர் குழு 2001-ல் விளக்கம் அளித்தது: போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. உயிரோடு இருக்க வேண்டும். போதிய அளவு இருக்க வேண்டும். நன்மை நிரூபணமாகியிருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ம் ஆண்டு விதிகள், ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் வேண்டும் என்கின்றன. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கின் வாய்ப்பைச் சில குறிப்பிட்ட ரகங்கள் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. எல்லா ரகமும் அல்ல, எல்லோருக்கும் அல்ல. 'தீரும்' என்று எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

அப்படியானால் வீட்டுத் தயிர்? இந்தியாவுக்குத் தேசிய நுண்ணுயிர் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 2012-ல் ஐதராபாத்தில் நடந்த பல்லுயிர் மாநாட்டின்போது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த அந்த நுண்ணுயிர் 'லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ்'. பெயரில் பல்கேரியா இருந்தாலும் பாலைத் தயிராக்குவதில் கைதேர்ந்தது. அதுவும் அதன் சகாக்களும் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் நம் வீட்டு உறை மோரில் எந்த ரகம், எத்தனை கோடி என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே கறாராகச் சொன்னால் வீட்டுத் தயிருக்கு 'புரோபயாட்டிக்' பட்டம் கிடையாது. அது உயிருள்ள நல்ல உணவு. அந்தப் பெருமை அதற்குப் போதும்.

குட்டி பாட்டில்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின. வயிற்றுக்கு மருத்துவரைப் பார்த்தோம். அம்மா தேறிய பிறகு வீட்டிலேயே பழ லஸ்ஸி போட ஆரம்பித்தேன். ஸ்மூத்தி என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது.

அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, மேலும் சில நிமிடம் சிறுதீயில் விட்டால் தயிர் கெட்டியாக வரும். விரல் தாங்கும் சூட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 43 டிகிரிக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் தயிரை உறை ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். தில்லி ஜூலையில் ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஜனவரியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பாலாகவே நிற்கும். அதற்கு எங்கள் பஞ்சாபி அண்டை வீட்டம்மா ஒரு வழி சொன்னார்: பாத்திரத்தைச் சால்வையில் சுற்றிக் கோதுமை மாவு டின்னுக்குள் வைத்துவிட வேண்டும். உறைந்ததும் புளிப்பு ஏறுமுன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

ஜூலையில் இங்கே நாவல் பழக் காலம். ஒரு கைப்பிடிப் பழத்தைக் கொட்டை நீக்கி மிக்ஸியில் அரைத்து, ஒரு கப் தயிரும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்துச் சில நொடி மட்டும் சுற்ற வேண்டும். ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு, வறுத்த சீரகப் பொடி. சர்க்கரை வேண்டாம். நாவல் பழம் சர்க்கரை நோயைப் போக்கும் என்று நான் சொல்லவில்லை. சௌசா மாம்பழத்தைவிடத் தித்திப்பு குறைவு, அவ்வளவுதான். மிக்ஸியும் ஐஸும் தயிரின் உயிரைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. சூடுதான் எதிரி. ஃப்ரிட்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பாக்கெட் லஸ்ஸி சூடுபடுத்தப்பட்டது. அதில் உயிருள்ள எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழத்திலும் பார்த்துச் செய்ய வேண்டும். பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. தயிரோடு சேர்த்து வைத்திருந்தால் கசப்புத் தட்டும். உடனே குடித்துவிட வேண்டும். அல்லது அன்னாசியை லேசாக வேகவைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம். நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்கள் உயிருள்ள நுண்ணுயிர் சேர்த்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. இதைப் பிரசுரங்களில் நான் பார்த்ததில்லை.

அதே இடத்திலிருந்து இரண்டாவது பிரசுரம் வந்தது. இந்த முறை 'உதவக்கூடும்' என்றே எழுதினேன். வாக்கியத்தில் வலு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மாற்ற மறுத்தேன். மூன்றாவது பிரசுரம் வரவில்லை.

நேற்று அம்மா, ஊதா நிற லஸ்ஸித் தம்ளரை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக் கேட்டார்: "அந்த பாட்டில்ல இருந்ததே, என்னமோ பயாட்டிக்... அது இதுல இருக்காடா?"

"இருக்கக்கூடும்மா" என்றேன்.